இலக்கம் நான்கின் நாட்குறிப்பு

நாற்பத்தொரு இரவுகள்
நான் விஸ்வரெத்தினமாக இருந்தேன்.
களுவாஞ்சிகுடியில், உரக்கடைக்கு மேல்மாடியில்,
யூரியா மணக்கும் ஒரு மேசையில்.

இரவு ஒன்பதரைக்கு நாட்குறிப்பு போகவேண்டும்.
சனம் படுக்குமுன் போனைத் தடவும் நேரம்.
'எனது அன்பு மக்களே' வேண்டாம், என்றார்,
அது எல்லாரும் எழுதுவது.
சப்பாத்தைக் கழற்றினேன் என்று எழுது.

கழற்றினேன்.
வெல்லாவெளி வரம்பில் வெறுங்காலோடு நடந்தேன்.
பழுகாமத்தில் ஒரு பிள்ளையின் கொப்பியில்
பெருக்கல் கணக்குத் திருத்தினேன்.
அவர் அன்றைக்குக் கொழும்பில்,
கட்சிக் காசு கேட்டு ஒரு வரவேற்பறையில்.

ஒன்பதாம் இரவு எழுத ஒன்றுமில்லை.
மழை. மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது.
அவர் போன் எடுக்கவில்லை.
அப்போதுதான் தெய்வநாயகியைப் பெற்றேன்.

குருமண்வெளியில் பாதை ஏறுகிற பெண்.
(இங்கே ஆற்றைக் கடத்துகிற ஓடத்துக்குப் பெயர் பாதை.
பாலம் வராத இடத்தில்
பெயராவது வந்திருக்கிறது.)
வயது ஐம்பத்தாறு. வெள்ளத்தில் போனது இரண்டு மாடு.
நட்டஈட்டுப் படிவம் நாலு தரம் நிரப்பியவள்,
நாலு தரமும் 'பிறகு வாங்க'.
'சீலைத் தலைப்பில் சுற்றி, நனையாமல் கொண்டுவந்த பைலை
என் மடியில் வைத்தாள்' என்று எழுதினேன்.
எனக்கே தொண்டை அடைத்தது.
அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் உரக்கடை வாசலில்
வந்து நின்றாள்.
மண்டூர். பெயர் மட்டும் வேறு, கண்மணி.
'என்ட கதைய ஐயா எழுதியிருக்கார் எண்டு
மருமகன் வாசிச்சுக் காட்டினவன்.
ரெண்டில்ல மகள், மூணு மாடு. அதத் திருத்தோணும்.'
பைல் இருந்தது. தலைப்பில் அல்ல,
சீனி வாங்கிய பொலித்தீன் பையில்.

பின்னேரம் திக்கோடையில் இருந்து ஒருத்தி.
வெள்ளமில்லை, யானை.
படிவம் மட்டும் அதே படிவம்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்தவளிடம்
மாட்டுக் கணக்கே இல்லை.
'இது மகன்ட பைல். பதினேழு வருசம்.
ஐயா நனையாம வச்சிருப்பார் எண்டாங்க.'

அவருக்கு அழைத்துச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு,
'இதில எது நம்மட ஆள்?' என்றார்.
'அவளோட ஒரு படம் எடுப்பம்.
மத்த ரெண்டு பேருக்கும் சோடா குடுத்து அனுப்பு.'

சோடா கொடுத்தேன்.
அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.
'ஐயா பார்ப்பார்' என்று சொல்லி
மூன்று பைலையும் வாங்கி வைத்ததும் நான்தான்.

வாக்களிப்புக்கு முன் அமைதிக் காலம் வந்தது.
சட்டம் அவர் வாயை மூட,
என் விரல் நின்றது.
மேசையில் மூன்று பைல்.
கீழே யாரோ உரமூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு அறை.
கட்சிக்கு ஒரு புள்ளடி போட்டேன்.
கீழே ஒன்று தொடக்கம் எட்டுவரை எண்கள்.
மூவருக்கு விருப்பு வாக்கு அளிக்கலாம்.
மூவர்.
பேனையைப் பிடித்தபடி நின்றேன்.
சப்பாத்தைக் கழற்றிய அந்த மனிதர்
நான்காம் கட்டத்தில் இருந்திருந்தால் போட்டிருப்பேன்.
கண்மணிக்கு எண் இல்லை.
'என்ன பிள்ள, சுணங்குது?' என்றார் அதிகாரி.

முடிவு உங்களுக்குத் தெரியும்.
எனக்கு இன்னும் பாதிச் சம்பளம் வரவேண்டும்.

வெள்ளிக்கிழமை குருமண்வெளியில் பாதை ஏறினேன்.
இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு ஐஸ்பெட்டிக்காரர், நான்.
நடுவாவியில் தூறல் பிடித்தது.
துப்பட்டாவால் பைல்களைச் சுற்றி
மடியில் வைத்துக்கொண்டேன்.
பாதைக்காரர் பார்த்தார்.
'நீங்க விஸ்வரெத்தினம் ஐயாட ஆளா?'

படுவான்கரையில் இறங்குதுறை ஒரே சேறு.
பதில் சொல்லுமுன்
செருப்பைக் கழற்றவேண்டியிருந்தது.